நெவென்காவின் மூன்றாம் அத்தியாயம்

ஒவ்வொரு டிசம்பரிலும் தோசாவின் வீட்டில் குலப் புனிதர் விருந்து நடக்கும். மெழுகுவர்த்தி ஏற்றி, பாதிரியார் ஜெபம் சொல்லி, ரொட்டியைச் சுற்றித் திருப்பி வெட்டி, மேலே ஒயின் ஊற்றி முடிந்த பிறகு மேசைக்கு மீன் சூப் வரும். சூப் வந்த கையோடு தோசாவின் தங்கை லியூபின்கா தன் அண்ணியைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்பாள்.

“ஏன் அண்ணி, பட்டம் வந்துச்சா, இல்ல இன்னும் பஸ்ஸுலதான் இருக்கா?”

“டயர் பஞ்சராம். அடுத்த விருந்துக்கு வந்துரும். நீ முள்ளைப் பார்த்துச் சாப்பிடு,” என்பாள் நெவென்கா.

முதல் சில வருடங்கள் மேசையே சிரித்தது. அப்புறம் லியூபின்கா மட்டும் சிரித்தாள். கடைசியில் யாரும் சிரிக்காமல் கேள்வி மட்டும் மிஞ்சியது. மெழுகுவர்த்தி போல, ரொட்டி போல அதுவும் சடங்கில் ஒன்றாகிவிட்டது.

பெகெய் ஆற்றங்கரையிலிருந்த பால் ஆலையின் கணினிப் பிரிவில் நெவென்கா சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு பீரோ அகலத்துக்கு ஓர் இயந்திரம். அதற்குக் குளிர்சாதன வசதி உண்டு, அவளுக்குக் கிடையாது. மாதக் கடைசியில் அது உறுமி உறுமி முழங்கால் உயரத்துக்கு ஓர் அறிக்கையைத் துப்பும். எவ்வளவு தயிர், எவ்வளவு வெண்ணெய், எந்த வண்டியில், எந்தக் கடைக்கு. அந்தக் கட்டை அவள்தான் தூக்கிக்கொண்டு போய் இயக்குநரின் அறையில் வைப்பாள். அடுத்த மாதம் புதுக் கட்டோடு போகும்போது பழையது வைத்த இடத்திலேயே இருக்கும். மேலே ஒரு பூந்தொட்டி இருக்கும்.

“இதைக் கேட்டது யாரு? எதுக்குக் கேட்டாங்க?” என்று ஒருநாள் பிரிவுத் தலைவரிடம் கேட்டாள்.

“அச்சடிக்கறது உன் வேலை. எதுக்குன்னு தெரியணும்னா மேல படிக்கணும்,” என்றார் அவர்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அது அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. முப்பத்தைந்து வயதில், ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத் தூரத்திலிருந்த பெருநகரக் கல்லூரியில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தாள். வணிக மேலாண்மையும் தகவல் அமைப்புகளும். அந்த நீளமான பெயரைத் தெருவில் சரியாகச் சொல்லத் தெரிந்தவன் தோசா ஒருவன்தான். பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அவன், கிரீஸ் கையோடு நின்று எதிர்வீட்டுக்காரனுக்கு அதை இரண்டு தடவை சொல்லிக் காட்டினான்.

பிள்ளை இல்லாத வீடு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அவள் பஸ் ஏறுவாள். தோசா பீன்ஸ் வேகவைத்து, தொத்திறைச்சி போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அவள் திரும்பி வரும் நேரத்துக்குச் சுடவைத்து வைத்திருப்பான். அந்த பீன்ஸில் உப்பு எப்போதும் ஒரு கல் கூடுதலாகவே இருக்கும். ஐந்து வருடம் அதையே சாப்பிட்டாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. போர் வந்து விமானங்கள் ஊர்மேல் குண்டு போட்ட வசந்தத்தில் தேர்வுகள் தள்ளிப்போயின. பக்கத்து வீட்டு நிலவறையில், ஊறவைத்த மிளகாய் ஜாடிகளுக்கு நடுவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நிதி மேலாண்மை படித்தாள். வெளியே சைரன் ஊதினால் பக்கத்து வீட்டுக் கிழவர், “கணக்கை முடிச்சுட்டுச் சாகலாம், பயப்படாதே,” என்று அவளுக்குத் தைரியம் சொல்வார்.

எல்லாத் தேர்வும் தேறினாள். பெரும்பாலும் முழு மதிப்பெண். கடைசித் தேர்வு முடிந்த அன்று தோசா ஒரு சின்ன ஓக் பீப்பாயை வாங்கிவந்து கழுவி, அந்த வருடம் பிளம்ஸிலிருந்து வடித்த ராக்கியா சாராயத்தை அதில் நிரப்பிக் கொட்டகையில் வைத்தான். ஆய்வை நடுவர்கள் முன்னால் வைத்து வாதாடி ஜெயித்தவர்கள் அன்றைக்கே எல்லோருக்கும் விருந்து வைப்பது அந்த ஊர் வழக்கம். பேராசிரியர்கள், ஆலைக்காரர்கள், தெரு, எல்லோருக்கும்.

“நீ வாதாடிட்டு வர்ற அன்னைக்குத்தான் திறப்பேன். ஒரு வருஷம் மரத்துல ஊறினா அப்படி ஒரு நிறம் வரும் பாரு,” என்றான்.

ஒரு வருடம் என்றுதான் இரண்டு பேருமே நினைத்தார்கள். மிச்சமிருந்தது ஆய்வேடு மட்டும்.

பேராசிரியர் யெரெமிச்தான் அவளுடைய வழிகாட்டி. முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் ஒரு பெட்டியும் அம்பும் வரைந்துவிட்டு அவர் சொன்னார்: “எப்படி இருக்கணும்னு வரையறதுக்கு முன்னாடி, எப்படி இருக்குன்னு வரைங்க. அதுல பொய் சொன்னா, அதுக்கு மேல கட்டுறது அத்தனையும் பொய்.”

மற்ற மாணவர்கள் அதை எழுதிக்கொண்டு மறந்தார்கள். நெவென்கா எழுதிக்கொள்ளவில்லை, நம்பிவிட்டாள்.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் தன்னுடைய ஆலையின் கிடங்கு. ஐந்து அத்தியாயம். மூன்றாவதற்குத் தலைப்பு, ‘தற்போதைய நிலை’. அந்தத் துறையில் எந்த ஆய்வேட்டிலும் அப்படி ஓர் அத்தியாயம் இருக்கும். பெரும்பாலோர் அதை ஒரு வாரத்தில் முடிப்பார்கள். நெவென்கா சனிக்கிழமைகளில், வண்டிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் ஏற்று மேடையின் ஓரமாக நின்று, பெட்டிகள் எங்கே இறங்குகின்றன, யார் எண்ணுகிறார்கள், தாள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்தாள். கடைகளில் விற்காமல் தேதி முடிந்து திரும்பி வரும் தயிர், தாள்படி அழிக்கப்பட வேண்டும். உண்மையில் ஒரு டிரைவர் அதைத் தன் மைத்துனனுடைய பன்றிகளுக்குக் கொண்டுபோனான். ஊருக்கே தெரியும். நெவென்கா அதற்கும் ஓர் அம்பு போட்டாள். மேடையிலிருந்து கிளம்பி, ‘பன்றிகள்’ என்று எழுதிய ஒரு பெட்டியில் அது போய் முடிந்தது.

யெரெமிச் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். “நான் வாத்தியாரா இருந்த இத்தனை வருஷத்துல பன்றிக்கு அம்பு போட்ட முதல் ஆள் நீங்கதாம்மா. இருக்கட்டும், எடுக்காதீங்க. எப்ப பைண்டிங்குக்குக் குடுக்கறீங்க?”

“இந்த மாசமே, புரொஃபசர்.”

அந்த மாதம் ஆலையை ஏலத்தில் விற்றார்கள். தலைநகரத்துக்காரர் ஒருவர் வாங்கினார். பீரோ அகல இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மேசைக்கொரு கணினியும் புதிய மென்பொருளும் கொண்டுவந்தார். நெவென்கா வரைந்த படங்களில் பாதிக்கு மேல் இப்போது இல்லாத ஒன்றின் படங்களாகிவிட்டன. மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

“அப்படியே குடுத்துரேன்,” என்றான் தோசா.

“தற்போதைய நிலைன்னு தலைப்புப் போட்டுட்டு, போன வருஷத்துக் கதையைச் சொல்லச் சொல்றியா?”

மறுபடி சனிக்கிழமைகளில் மேடையில் நின்றாள். எழுதி முடிக்க இரண்டு வருடமானது. அதற்குள் அந்த முதலாளி இன்னொருவருக்கு விற்றார். அவர் கிடங்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாற்றினார். பிறகு வங்கி கையில் போனது. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மென்பொருள் மாறியது, படிவம் மாறியது, எண்ணும் ஆள் மாறினார். அந்தப் பன்றி அம்பு ஒன்றுதான் எல்லா முதலாளிகளின் காலத்திலும் மாறாமல் இருந்தது.

“அந்த ஆலை புருஷனை மாத்துற மாதிரி முதலாளியை மாத்திக்கிட்டே இருக்கு. நீ ஏன்டி ஒவ்வொரு தடவையும் புதுசா மோதிரம் மாத்திக்கற?” என்று கேட்டான் தோசா.

“நீ பிரேக் பாக்காம பஸ்ஸை வெளிய விடுவியா?”

“விட மாட்டேன். ஆனா ஒரே பஸ்ஸைப் பத்து வருஷம் ரிப்பேர் குழி மேலயும் நிறுத்தி வெச்சிருக்க மாட்டேன்.”

அவளுக்கு அந்தப் பட்டம் சுவரில் மாட்டுவதற்காக வேண்டியிருக்கவில்லை. ஊரிலேயே இருந்த தொழிற்கல்லூரியின் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு ஒரு குளிர்காலம் முழுவதும் செய்முறை வகுப்புகள் எடுக்க வைத்தார். வாரத்தில் இரண்டு மாலை. நெவென்கா சாக்கட்டியைப் பிடித்துக்கொண்டு பெட்டி, அம்பு, பெட்டி என்று வரைவாள். மணி அடித்த பிறகும் பையன்கள் எழுந்திருக்காமல், “அப்ப அந்தத் தாள் தொலைஞ்சுபோனா என்ன ஆகும், மிஸ்?” என்று கேட்டுக்கொண்டு இருப்பார்கள். தன் வாழ்க்கையில் யாரும் தன்னிடம் ‘எதுக்கு’ என்று கேட்டதில்லை என்பது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்பவளாகவே இருந்திருக்கிறாள். பதில் சொல்பவளாக இருப்பது வேறு சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கோட்டுக் கையில் சாக்கட்டிப் பொடி இருக்கும். தோசா தட்டிவிட வருவான்.

“விடு, இருக்கட்டும்.”

“கல்யாணமான நாள்லேருந்து பால் வாடை இல்லாம நீ வேலை முடிஞ்சு வர்றது இப்பதான், நெவென்கா,” என்றான் அவன்.

வசந்தத்தில் இயக்குநர் சொன்னார்: “நெவென்காம்மா, நிரந்தரமா எடுக்கணும்னா எனக்கு முதுநிலைப் பட்டம் வேணும். சட்டம் அப்படி. வாங்கின அன்னைக்கே வாங்க. நாற்காலி உங்களுக்குத்தான்.” பட்டம் வந்தால் பால் ஆலையிலிருந்து வெளியே வரலாம், சாக்கட்டியைப் பிடிக்கலாம். வராவிட்டால் ஓய்வு பெறும்வரை கிடங்கு மேசைதான். அவ்வளவுதான் கணக்கு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கிடையில் நாட்டில் படிப்புத் திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். ஐரோப்பா முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். பழைய திட்டத்தில் சேர்ந்தவர்கள் இன்ன தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படித்தது படித்ததோடு சரி என்று ஒரு கெடு வந்தது. முதல் கெடு வந்தபோது நெவென்கா பதறிப்போனாள். ஒரு மாதம் தூங்காமல் எழுதினாள். கெடுவுக்கு முந்தின வாரம் செய்தியில் ஒரு வரி வந்தது: ஒரு வருடம் நீட்டிப்பு. அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். கெடு நெருங்கும், பாதி முடித்தவர்கள் மனு கொடுப்பார்கள், யாராவது மந்திரி மனம் இளகுவார். இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பழுப்பது போல நீட்டிப்பும் வரும் என்று எல்லோரும் பழகிப்போனார்கள்.

கல்லூரி அலுவலகத்தில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓல்கிட்சா அவளைக் கண்டதும் பேனாவைக் கீழே வைப்பாள்.

“நெவென்காம்மா, நீங்க வந்தாத்தான் எனக்கு செப்டம்பர்னே தெரியுது. கொண்டாந்தாச்சா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கு.”

“இருக்கட்டும், இருக்கட்டும். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள குடுத்துருங்க. அடுத்து வர்றவளுக்கு உங்க கதையைச் சொல்லிப் புரியவைக்க என்னால முடியாது.”

கடைசியாக வந்தது அந்த செப்டம்பர். அவளுக்கு ஐம்பத்து மூன்று. யெரெமிச் ஓய்வு பெற்றுவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் அவளுக்காக மட்டும் வழிகாட்டி என்ற பெயரை விடாமல் வைத்திருந்தார். ஆலையில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து மூன்று வருடம் எதையும் மாற்றாமல் இருந்தார்கள். அந்த அமைதியில் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. யெரெமிச் ஒரு மாணவனை விட்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பைண்டிங்குக்குக் குடுங்க,” என்றார். வெள்ளிக்கிழமை கெடு. திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு பிரதிகள் தயார்.

பைண்டிங் கடை வைத்திருந்தவர் கால்மான் என்ற ஹங்கேரியர். ஊரில் முக்கால்வாசிப் பட்டங்கள் அவருடைய கையால் தைக்கப்பட்டவைதான். சிவப்பு அட்டை, தங்க எழுத்து, கீழே வருடம். ஏழையும் மேசையில் வரிசையாக அடுக்கி, முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு, “குதிரை ஏறி மிதிச்சாலும் பிரியாது,” என்றார். “நாளைக்கு வந்து எடுத்துக்குங்க. பசை இன்னும் ஒரு நாள் காயணும்.”

தோசா அன்றே ஆட்டுக்குட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டான். வாதாடும் தேதி இன்னும் குறிக்கவில்லை. ஆனாலும் கசாப்புக்காரனிடம், “நல்லதாப் பார்த்து வை, எப்ப வேணும்னாலும் கேப்பேன்,” என்று சொல்லி வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏற்று மேடையில் கீச் கீச்சென்று சத்தம். ஆறு பேர் கையில் துப்பாக்கி மாதிரி ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைகளிலிருந்து திரும்பி வரும் பெட்டி ஒவ்வொன்றையும் சுட்டால்தான் வாசல் திறக்கும். சுட்ட பெட்டிகள் பூட்டிய கம்பிக் கூண்டுக்குள் போயின. தாள் இல்லை, எண்ணுபவர் இல்லை. பன்றிகளுக்குக் கொண்டுபோகும் டிரைவர் தன் வண்டியில் சாய்ந்து நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன மச்சான், பன்றிக்கெல்லாம் இன்னைக்கு நோன்பா?” என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நெவென்கா சிரிக்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் திரும்பி வரும் சரக்கு பற்றிய பகுதி முழுவதும், படங்கள் உட்பட, அவள் கண் முன்னாலேயே பொய்யாகிக்கொண்டிருந்தது.

மதிய இடைவேளையில் யெரெமிச்சுக்குப் போன் போட்டாள்.

“எத்தனை பக்கம்?” என்று கேட்டார்.

“பன்னெண்டு.”

“அப்படியே குடுங்க.”

“புரொஃபசர், தற்போதைய நிலைன்னு...”

“அம்மா, கேளுங்க. அந்தத் தலைப்புக்குக் கீழ ஒரு வரி எழுதுங்க. ‘இன்ன தேதியில இருந்த நிலை’. அவ்வளவுதான். ஒரு வரி. ஆய்வேடு செய்தித்தாள் கிடையாது.”

“நீங்கதானே சொன்னீங்க, அதுல பொய் சொன்னா...”

“நான் முப்பது வருஷம் ஒவ்வொரு வகுப்புலயும் அதைச் சொன்னேன். நீங்க ஒருத்தர்தான் கேட்டிருக்கீங்க. அதுதான் பிரச்சினை,” என்றார். பிறகு, “குடுத்துருங்கம்மா,” என்று கெஞ்சுவது போல இன்னொரு தடவை சொன்னார்.

ஆனால் அவளுக்கு அந்த ஒரு வரி குறுக்கு வழியாகப் பட்டது. நடுவர்களில் யாராவது, “இப்ப அங்க ஸ்கேனர் இருக்காமே?” என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? ஒரு தேதியைக் காட்டி ஒளிந்துகொள்வதா? இரண்டு வாரம் கிடைத்தால் திருத்திவிடலாம். கெடு எப்படியும் நீளும். அடுத்த வருடம் தேர்தல் வேறு. ஓல்கிட்சாவைக் கேட்டாள்.

“எனக்கு யாரு எழுதி அனுப்பறாங்க?” என்றாள் ஓல்கிட்சா. “ஆனா எந்த வருஷம் நீட்டல? நீட்டுவாங்க.”

தோசா கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. அன்று சாயங்காலம் அடுப்பு முன்னால் கரண்டியோடு நின்றுகொண்டு கத்தினான்.

“உனக்கு முடிக்கறதுக்கு பயமா இருக்குன்னு சொல்லு, நான் புரிஞ்சுக்கறேன். ஸ்கேனர் மேல பழியைப் போடாதே!”

“பயமா? எனக்கா?”

“பின்ன? எழுதிக்கிட்டே இருந்தா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க இல்ல!”

“பீன்ஸ்ல உப்பு ஜாஸ்தி,” என்றாள் நெவென்கா. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக.

புதன்கிழமை கால்மானின் கடையில் போய் நின்று, ஏழையும் பிரிக்கச் சொன்னாள். கால்மான் அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நான் எத்தனையோ பைபிளைத் தெச்சிருக்கேன், எத்தனையோ வக்கீல் கட்டுகளைத் தெச்சிருக்கேன். தெச்சதைப் பிரிங்கன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீங்கதான். யாராவது செத்துப்போனாங்களா?”

“இல்ல. பன்னெண்டு பக்கம் மாத்தணும்.”

“யாரு படிக்கப் போறாங்க அந்தப் பன்னெண்டு பக்கத்தை?”

“நான் படிப்பேன்,” என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டுக் கத்தியை எடுத்தார். முதுகு பிரியும்போது ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்தது. ஏழு தடவை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திருத்திய பக்கங்கள் சொன்னபடி இரண்டு வாரத்தில் முடிந்தன. உண்மையிலேயே நன்றாக வந்திருந்தன; அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. கெடு முடிந்திருந்தது. செய்திக்காகக் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் லியூபின்கா போன் செய்தாள்.

“அண்ணி, டிவி பாத்தீங்களா?”

“இல்லையே.”

“பாக்காதீங்க,” என்றாள் லியூபின்கா. பிறகு, “நாளைக்கு நான் பாலாடைக்கட்டி வெச்சு ரொட்டி சுட்டு எடுத்துட்டு வரேன்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்த வருடம் எந்த மந்திரியின் மனமும் இளகவில்லை.

ஓல்கிட்சா கம்பிக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தாள். அவள் கால் எப்படி இருக்கும் என்று நெவென்கா அன்றுதான் பார்த்தாள். வீங்கிய கால், வீட்டுச் செருப்பு. “புதுத் திட்டத்துல சேரலாம். சில பேப்பரை ஒத்துக்குவாங்க. ரெண்டு வருஷம்தான். பிள்ளைங்களோட உக்காரணும், அவ்வளவுதான்,” என்றாள். நெவென்கா படிவத்தை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

டிசம்பரில் குலப் புனிதர் விருந்து நடந்தது. ரொட்டி வெட்டினார்கள். மீன் சூப் வந்தது. லியூபின்கா தட்டைப் பார்த்துக் குனிந்து, முள்ளை எடுப்பதிலேயே கவனமாக இருந்தாள். மேசையில் எல்லோரும் எதையோ எதிர்பார்ப்பது போல ஒரு கணம் நிறுத்தினார்கள். அப்புறம் யாரோ ரொட்டியைக் கேட்டார்கள். அந்தக் கேள்வி இத்தனை வருடம் தன்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என்பது நெவென்காவுக்கு அந்தச் சூப்பைக் குடித்து முடிப்பதற்குள் தெரிந்துபோயிற்று.

தொழிற்கல்லூரி இயக்குநர் அடுத்த இலையுதிர் காலம்வரை காத்திருந்து பார்த்தார். பிறகு வேறு ஊரிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார். நல்ல பெண். ஆலைக்கு மாணவர்களைக் கூட்டிவந்து ஏற்று மேடையைக் காட்டினாள். நெவென்காதான் அவர்களுக்கு ஸ்கேனரைப் பற்றி விளக்கினாள். ஒரு பையன், “தயிரை ஏன் கூண்டுல பூட்டி வெக்கறாங்க?” என்று கேட்டான். அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். கால் மணி நேரம் கடந்த பிறகுதான் பஸ் காத்திருக்கிறது என்று யாரோ நினைவூட்டினார்கள்.

யெரெமிச் இறந்தபோது அடக்கத்துக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றாள். அவருடைய மகள், “நீங்க யாரு?” என்று கேட்டாள். “மாணவி,” என்றாள். எந்த வருடத்து மாணவி என்று மகள் கேட்கவில்லை, நல்லவேளை.

ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம் கால்மான் போன் செய்தார். கடையை மூடுகிறாராம், மகனோடு எல்லைக்கு அந்தப் பக்கம் போய் இருக்கப் போகிறாராம். “உங்க ஏழு அட்டையும் இங்கயே கிடக்கு. தூக்கிப் போடவா?”

தோசா வண்டியை எடுத்தான். கடையில் பசைவாடை அப்படியே இருந்தது. தையல் இயந்திரத்தை யாரோ விலை பேசிவிட்டுப் போயிருந்தார்கள். கால்மான் மேசைக்கு அடியிலிருந்து ஏழு சிவப்பு அட்டைகளையும், நூலில் கட்டிய தாள்களையும் எடுத்தார். அன்று பிரித்த தாள்கள். அந்தப் பன்னிரண்டு பக்கங்களும் தனியாக ஒரு பழுப்புத் தாளில் சுற்றி இருந்தன.

“எதுக்கு வெச்சிருந்தீங்க?” என்று நெவென்கா கேட்டாள்.

“நான் தெச்சதை நானே பிரிச்சது அது ஒண்ணுதான். தூக்கிப் போட மனசு வரல,” என்றார். “பசை கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஒரே ஒரு காப்பி போட்டுத் தரட்டுமா? காசெல்லாம் வேணாம். எந்தப் பன்னெண்டு பக்கத்தைப் போடட்டும், பழசா, புதுசா? புதுசு உங்ககிட்டதானே இருக்கும்?”

வீட்டில்தான் இருந்தது. நேர்த்தியாக, திருத்தமாக, ஒரு பிழை இல்லாமல். தோசா கார் சாவியைக் கையில் எடுத்தான், ஓடிப்போய்க் கொண்டுவருவதற்குத் தயாராக. நெவென்கா பழுப்புத் தாளைப் பிரித்துப் பார்த்தாள். மேலேயே படம். மேடையிலிருந்து அம்பு கிளம்பிப் போய், ‘பன்றிகள்’ என்ற பெட்டியில் முடிந்தது.

“பழசு,” என்றாள்.

மறுநாள் கால்மானே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சமையலறை மேசையில் வைத்துப் பார்த்தாள். தங்க எழுத்து மங்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து இரண்டு பக்கம் படிப்பதற்குள் அவள் முகம் மாறியது. இழுப்பறையைத் திறந்து தேடத் தொடங்கினாள்.

“தோசா, பென்சில் எங்க வெச்சே?”

“இந்த வீட்டுல பென்சில் கிடையாது.”

“ஒரு அம்பு தலைகீழா இருக்கு.”

“இருந்துட்டுப் போகட்டும்.”

அவள் கொஞ்ச நேரம் இழுப்பறையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு சாமான் வாங்கக் குறித்துவைக்கும் பேனாவை எடுத்துவந்து உட்கார்ந்து, ‘தற்போதைய நிலை’ என்ற தலைப்புக்குக் கீழே, கோடு போட்டது போல நேராக, அந்த செப்டம்பர் திங்கட்கிழமையின் தேதியை எழுதினாள். இன்ன தேதியில் இருந்த நிலை. ஒரு வரிதான். எழுதுவதற்கு ஒரு பெருமூச்சு நேரம்கூட ஆகவில்லை. எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தோசா கொட்டகைக்குப் போய் ஓக் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தான். தக்கையைப் பிடுங்கிச் சாய்த்துப் பார்த்தான். பாதிக்கு மேல் மரமே குடித்துவிட்டிருந்தது. மிச்சம் கருந்தேன் நிறத்தில் இரண்டு சின்னக் கோப்பைகளில் விழுந்தது.

“எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

நெவென்கா ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து, விழுங்கினாள்.

“நல்லாத்தான் இருக்கு. மரவாடை கொஞ்சம் தூக்கலா இருக்கு.”

“அப்பவே திறந்திருந்தா சரியா இருந்திருக்கும்.”

“ஆமா,” என்றாள். “அப்பவே திறந்திருக்கணும்.”